ஸ்டார் குறி படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கணக்கு எழுதுபவர், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிப்பவர், ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பி மூட்டை எண்ணுபவர், பிளஸ் டூ மாணவர் என்று எல்லாருடைய விசைப்பலகையிலும் 8-க்கு மேலே ஒரே ஸ்டார்தான் இருக்கிறது. எக்செல்லுக்கு அது ஓரிடத்தில் பெருக்கல், இன்னோரிடத்தில் ‘எது வேண்டுமானாலும்’. வாட்ஸ்அப்புக்குத் தடித்த எழுத்து. தொலைபேசி வலையமைப்புக்குக் கட்டளை. ஆகவே ஸ்டார் சம்பந்தப்பட்ட எந்தச் சிக்கலிலும் முதல் கேள்வி ஒன்றே: இந்த ஸ்டாரை இப்போது படிப்பது யார்? அது தெரிந்தால் பாதிப் பிழை தீர்ந்த மாதிரி.

சூத்திரம், கட்டளை, செல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். குறிகளையும் எண்களையும் மட்டும் உள்ளபடியே இடுங்கள்.

பெருக்கச் சொன்னால் #நேம்? என்கிறது

பெரும்பாலும் ஸ்டாருக்குப் பதில் ஆங்கில எக்ஸ் எழுத்தோ × குறியோ விழுந்திருக்கும். =பி2எக்ஸ்சி2 என்று இட்டால் எக்செல் அதை ஒரு பெயர் என்று நினைத்துத் தேடும். கிடைக்காது, #நேம்? வரும். × இட்டாலும் இதே பிழையோ, சூத்திரத்தில் சிக்கல் என்ற பெட்டியோ வரும். அழித்துவிட்டு ஷிஃப்ட்+8 அழுத்துங்கள், அல்லது எண் பலகையின் * விசையை அழுத்துங்கள். அந்த விசைக்கு நம்லாக் தேவையில்லை.

கண்ணுக்கு ஸ்டார்தான், ஆனாலும் பிழை என்றால் அது எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய போலி ஸ்டார். அதை மட்டும் ஏ1 செல்லில் ஒட்டி, பக்கத்தில் =யூனிகோட்(ஏ1) என்று கேளுங்கள். 42 வந்தால் அசல். 8727 என்றால் கணிதப் புத்தகங்களின் ∗. 65290 என்றால் சீன, ஜப்பானியத் தட்டச்சில் வரும் அகல ஸ்டார் ＊. 215 என்றால் ×. 42 தவிர எது வந்தாலும் சூத்திரத்தில் வேலைக்கு ஆகாது.

பள்ளியில் × கற்றுக்கொடுத்துவிட்டுக் கணினியில் மட்டும் ஏன் * என்று கேட்பவர்களுக்கு: × குறியை அச்சில் ஏற்றியவர் வில்லியம் ஆட்ரெட், 1631இல். அது எக்ஸ் எழுத்தோடு குழம்புகிறது என்று 1698இலேயே லைப்னிட்ஸ் குறைப்பட்டுப் புள்ளியைச் சிபாரிசு செய்தார். அதற்கும் முன்பே, 1659இல், யோகான் ரான் தம் இயற்கணித நூலில் பெருக்கலுக்கு ஸ்டாரைத்தான் போட்டார். 1957இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழி வந்தபோது துளை அட்டை எழுத்துத் தொகுப்பில் * இருந்தது, × இல்லை. அன்று விழுந்த வழக்கம் இன்றுவரை ஓடுகிறது.

பெருக்கினால் #வேல்யூ! வருகிறது

ஸ்டார் சரியாக இருக்கிறது. அதன் இரு பக்கத்தில் ஒன்று எண் இல்லை. ஜவ்வரிசி மூட்டைக் கணக்கில் பி2-இல் 40, சி2-இல் ‘90 கிலோ’ என்று எழுதிவிட்டு =பி2*சி2 கேட்டால் இதுதான் கதி. ‘90 கிலோ’ என்பது எக்செல்லுக்கு வெறும் எழுத்து.

சி2-இல் 90 மட்டும் இடுங்கள். கன்ட்ரோல்+1 அழுத்தி, கஸ்டம் என்ற இடத்தில் 0" கிலோ" என்று வடிவம் கொடுங்கள். பார்வைக்கு 90 கிலோ, உள்ளே 90. விடை 3600 வரும்.

எழுத்தே இல்லை, வெறும் எண்தான், ஆனாலும் பிழை என்றால் =இஸ்நம்பர்(சி2) கேளுங்கள். ஃபால்ஸ் என்றால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய எண்களில் 160 என்ற எண்ணுடைய உடையா இடைவெளி அடிக்கடி வரும். ட்ரிம் அதை நீக்காது. =சப்ஸ்டிட்யூட்(சி2,கார்(160),"")*1 நீக்கும். கடைசியில் உள்ள *1 எழுத்தை எண்ணாக்குகிறது.

பிழைச் செய்தி இல்லை, விடை மட்டும் தப்பு

கவனிக்க வேண்டியது இதுதான். வெளிப்படையாகப் பிழை காட்டும் தாள் யாரையும் ஏமாற்றாது. தப்பான எண்ணை அமைதியாகக் காட்டும் தாள்தான் காசைத் தின்னும்.

கொலுசுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 250 கிராம் (பி2), டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது, 80 (சி2), கழிக்க வேண்டிய கல் எடை 10 கிராம் (டி2). நிகர வெள்ளிக்கு =பி2-டி2*சி2/100 என்று எழுதினால் 242 வரும். ஸ்டாரும் வகுத்தலும் கழித்தலுக்கு முன்னால் நடக்கும். 10*80/100 என்பது 8, 250இல் 8 போக 242. கேட்க நினைத்ததோ கல்லைக் கழித்த பிறகு டச். =(பி2-டி2)*சி2/100 என்று அடைப்புக்குறி போட்டால் 192. ஒரே சோடியில் 50 கிராம் வித்தியாசம்.

விடை நூறில் ஒரு பங்காகச் சுருங்கி 1.92 என்று நின்றால் வேறு காரணம். சி2 செல் ஏற்கெனவே சதவீத வடிவத்தில் இருக்கிறது. அங்கே 80 என்று தட்டினால் உள்ளே 0.8 ஆகப் பதிவாகும். அதை மறுபடி 100ஆல் வகுத்துவிட்டீர்கள். சதவீத வடிவம் வேண்டும் என்றால் /100-ஐ எடுங்கள். /100 வேண்டும் என்றால் சதவீத வடிவத்தை எடுங்கள். ஒரு பட்டறைக்குள் இரண்டு முறையும் கலந்து ஓடினால் மாதக் கடைசியில் ஸ்டாக் ஒருநாளும் சேராது.

அடுக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எக்செல்லில் அடுக்குக்கு ^, பைத்தான் நிரல் மொழியில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டார். பைத்தானில் 2^3 என்று எழுதினால் பிழை வராது, 1 என்ற விடை வரும். ஏனென்றால் அங்கே ^ வேறொரு கணக்குக்கான குறி. இன்னொன்று: எக்செல்லில் =-2^2 கேட்டால் 4, பைத்தானில் அதையே ^-க்குப் பதில் இரட்டை ஸ்டார் போட்டுக் கேட்டால் −4. அடைப்புக்குறி போட்டுவிட்டால் இரண்டு இடத்திலும் தகராறு இல்லை.

ஸ்டாரை மட்டும் நீக்கச் சொன்னேன், ஷீட்டே காலியாகிவிட்டது

முதலில் எதையும் சேமிக்காதீர்கள், மூடாதீர்கள். கன்ட்ரோல்+இசட் அழுத்துங்கள். எல்லாம் திரும்பி வரும். சேமித்து மூடிவிட்டால் பழைய பிரதிதான் கதி. ஒன்டிரைவில் வைத்திருந்தால் முந்தைய பதிப்புகளைத் தேடலாம்.

எக்செல்லின் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் பெட்டியில் * என்றால் ‘எத்தனை எழுத்தானாலும், எந்த எழுத்தானாலும்’ என்று பொருள். தேட வேண்டியது * என்றும் மாற்ற வேண்டியது காலி என்றும் கொடுத்தால், எழுத்தோ எண்ணோ உள்ள ஒவ்வொரு செல்லையும் முழுசாகத் துடைத்துவிடும். சூத்திரம் உள்ள செல்லையும் விடாது. ஒரே செல் தேர்வில் இருந்தால் வேலை ஷீட் முழுவதும் நடக்கும்.

சரியான முறை இது:

1. மாற்ற வேண்டிய நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுங்கள்.
2. தேட வேண்டிய இடத்தில் ~* இடுங்கள். டில்டே என்ற அலைக்குறி முன்னால் நின்றால் ஸ்டார் வெறும் ஸ்டாராகவே பார்க்கப்படும்.
3. உடனே ரீப்ளேஸ் ஆல் அழுத்தாமல், ஃபைண்ட் ஆல் அழுத்திப் பட்டியலைப் பாருங்கள். எதிர்பார்த்த செல்கள் மட்டும் வந்தால் மாற்றுங்கள்.

அலைக்குறியையே தேட வேண்டுமென்றால் ~~. லிப்ரே ஆபிஸில் அந்தப் பெட்டியிலேயே வைல்ட்கார்டு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இரண்டாவது டிக் ஆகியிருந்தால் \*, இரண்டும் இல்லையென்றால் * போதும்.

வேர்டும் நோட்பேடும் இதற்கு நேர்மாறு. அங்கே * இட்டால் ஸ்டாரையே தேடும். வேர்டில் ‘யூஸ் வைல்ட்கார்ட்ஸ்’ டிக் செய்தால்தான் குணம் மாறும். எக்செல்லில் பழகிய கை வேர்டில் ~* தேடி ‘கிடைக்கவில்லை’ என்று திகைப்பது இதனால்தான்.

4*6 ஃப்ளெக்ஸ் விலை கேட்டால் 4*16 விலை வருகிறது

அளவுப் பட்டியலில் 4*16 மேலே, 4*6 கீழே இருக்கிறது. பட்டியலில் தேடி விலையை எடுத்துத் தரும் விலுக்அப், கடைசியில் 0 போட்டுச் சரியான பொருத்தம் கேட்டாலும், தேடும் சொல்லில் உள்ள ஸ்டாரை ‘எது வேண்டுமானாலும்’ என்றே படிக்கும். 4-இல் தொடங்கி 6-இல் முடியும் முதல் வரி எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். 4*16 அதற்குப் பொருந்துகிறது. சம்இஃப்பும் இப்படித்தான் இரண்டு அளவையும் சேர்த்துக் கூட்டிவிடும். பிழைச் செய்தி வராது என்பதால் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியவரும்.

தேடும் செல்லை =விலுக்அப்(சப்ஸ்டிட்யூட்(ஏ2,"*","~*"),பட்டியல்,2,0) என்று சுற்றிவிடலாம். எக்ஸ்லுக்அப் உள்ள புதிய பதிப்பானால் அதைப் பயன்படுத்துங்கள். அது தானாக ஸ்டாரை விரித்துப் பார்க்காது. எல்லாவற்றிலும் நல்லது, அளவுப் பெயர்களில் ஸ்டாரே போடாமல் 4×6 என்று எழுதுவது. சூத்திரத்தில் ஆகாத × குறி, பெயரில் பத்திரமானது.

கவுன்ட்இஃப்பில் நிபந்தனை "*" என்று கொடுத்தால் எழுத்துள்ள செல்களை மட்டும் எண்ணும், எண் உள்ள செல்களை விட்டுவிடும். ஸ்டார் எங்காவது இடம்பெறும் செல்களை எண்ண, மேற்கோள் குறிக்குள் ஸ்டார், அலைக்குறி, ஸ்டார், ஸ்டார் என்ற வரிசையில் இடைவெளி இல்லாமல் கொடுக்க வேண்டும். முதல் ஸ்டாரும் கடைசி ஸ்டாரும் ‘எது வேண்டுமானாலும்’, நடுவில் ~* அசல் ஸ்டார்.

45* என்று போட்ட ரன்கள் மொத்தத்தில் சேரவில்லை

கிரிக்கெட் அட்டவணையில் ரன்னுக்குப் பின் ஸ்டார் என்றால் நாட் அவுட். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் சின்னப்பம்பட்டி நடராஜனின் பெயருக்கு எதிரே இருப்பது 1*. பெயருக்கு முன்னால் ஸ்டார் இருந்தால் அவர் கேப்டன். பக்கத்தில் † இருந்தால் விக்கெட் கீப்பர்.

எக்செல்லில் 45* என்று தட்டியதும் அது எழுத்தாகிவிடும். சம் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். 45 மட்டும் இட்டு, வடிவத்தில் 0"*" கொடுத்தால் ஸ்டாரும் தெரியும், கூட்டலும் சேரும். மேற்கோள் குறியை விட்டுவிடக் கூடாது. காரணம் அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

ஆனால் வடிவத்தில் போட்ட ஸ்டார் கண்ணுக்கு மட்டும்தான். எத்தனை முறை நாட் அவுட் என்று அதை வைத்து எண்ண முடியாது. பக்கத்து நெடுவரிசையில் நாட் அவுட்டுக்கு 1, அவுட்டுக்கு 0 இடுங்கள். சராசரிக்கு மொத்த ரன்னை இன்னிங்ஸால் வகுக்கக் கூடாது, அவுட்டான தடவையால் வகுக்க வேண்டும். 10 இன்னிங்ஸ், 4 நாட் அவுட், 180 ரன் என்றால் சராசரி 180/6 = 30. கிளப் அட்டவணைகளில் 18 என்று நிற்பது ஸ்டாரை மறந்ததால்.

செல் முழுக்க ஸ்டாராக நிரம்பியிருக்கிறது

சூத்திரப் பட்டையில் பாருங்கள். அங்கே வெறும் 25000 இருந்தால் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வடிவத்தில் * என்பது ‘எனக்கு அடுத்து வரும் எழுத்தால் செல்லின் காலி இடத்தை நிரப்பு’ என்ற கட்டளை. 0-க்கு முன்னால் இரண்டு ஸ்டார் போட்டு வடிவம் கொடுத்தால் முதல் ஸ்டார் கட்டளை, இரண்டாவது நிரப்பும் எழுத்து. தொகைக்கு முன்னால் வேறு இலக்கம் சேர்க்க இடம் கொடுக்காமல் காசோலை அச்சிடுபவர்கள் வேண்டுமென்றே இதைப் பயன்படுத்துவார்கள். வேண்டாமென்றால் வடிவத்தை ஜெனரல் ஆக்குங்கள். அக்கவுன்டிங் வடிவத்தில் ரூபாய்க் குறி இடது ஓரமும் எண் வலது ஓரமும் ஒட்டி நிற்பதும் இதே ஸ்டாரின் வேலை, அங்கே நிரப்புவது இடைவெளி.

ஸ்டாருக்குப் பதில் ##### தெரிந்தால் அது நெடுவரிசை அகலம் போதாமல். இழுத்து அகலமாக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் ஸ்டார் காணாமல் போகிறது, அல்லது தடிப்பு வரவில்லை

இரண்டு ஸ்டாருக்கு நடுவில் சொல்லை ஒட்டி எழுதினால் வாட்ஸ்அப் ஸ்டார்களை விழுங்கிச் சொல்லைத் தடிப்பாக்கும். தடிப்பு வராமல் ஸ்டாரே தெரிந்தால், ஸ்டாருக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பீர்கள். * கொலுசு * வேலை செய்யாது, *கொலுசு* வேலை செய்யும். கொலுசுக்கு, கொலுசை என்று உருபு சேரும்போது உருபை வெளியே விட்டாலும் தடிப்பு வராமல் போகலாம். அதையும் ஸ்டாருக்குள்ளேயே வைத்துவிடுங்கள். டெலிகிராமில் இருபுறமும் இரட்டை ஸ்டார் வேண்டும்.

விலைப்பட்டியலின் கீழே ‘* ஜிஎஸ்டி தனி’ என்று எழுதினால், வரித் தொடக்கத்தில் ஸ்டாரும் இடைவெளியும் வருவதால் அது புள்ளிப் பட்டியலாக மாறிவிடும். மேலே எந்த விலைக்கு ஸ்டார் போட்டீர்களோ அதற்கும் இதற்கும் தொடர்பு அறுந்துபோகும். இடைவெளியை எடுத்துவிட்டு ‘*ஜிஎஸ்டி தனி’ என்று ஒட்டி எழுதுங்கள்.

ஏஐ சாட்பாட்டில் எழுதி வாங்கிய உரையை வேர்டில் ஒட்டினால் சொற்களைச் சுற்றி இரட்டை ஸ்டார் கிடக்கும். அது மார்க்டவுன் முறையின் தடிப்புக் குறி. அழைப்பிதழ், நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் இதை நீக்கத்தான் வேண்டும். ரீப்ளேஸ் பெட்டியில் இரட்டை ஸ்டாரைத் தேடி, காலியாக மாற்றினால் ஸ்டார் போய்விடும், ஆனால் தடிப்பும் வராது. தடிப்பையும் காக்க வேண்டுமானால் ‘யூஸ் வைல்ட்கார்ட்ஸ்’ டிக் செய்து, தேட \*\*(*)\*\* என்றும், மாற்ற \1 என்றும் இட்டு, மாற்றும் கட்டத்தில் நின்று கன்ட்ரோல்+பி அழுத்தி ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். நடு அடைப்புக்குறியில் உள்ள ஸ்டார் சொல்லைப் பிடிக்கும். பின்சாய்கோடு போட்டவை அசல் ஸ்டார்கள்.

வேர்டில் மூன்று ஸ்டார் தட்டி என்டர் அழுத்தினால் பக்கம் முழுக்க ஒரு புள்ளிக் கோடு விழும். டெலிட் செய்தாலும் போகாது. அது கோடு இல்லை, மேல் பத்தியின் பார்டர். உடனே கன்ட்ரோல்+இசட் போட்டால் மூன்று ஸ்டாரும் திரும்பும். தாமதமாகப் பார்த்தால் அந்தப் பத்தியில் நின்று பார்டர் பட்டியலில் ‘நோ பார்டர்’ தேர்ந்தெடுங்கள்.

கோப்பைச் சேமிக்க விடவில்லை

பெயரில் ஸ்டார் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் கோப்புப் பெயரில் * ஆகாது. லினக்ஸில் ஆகும், ஆனால் அதே கோப்பைப் பென் டிரைவில் ஏற்றும்போது மாட்டும்.

ஃபோனில் ஸ்டார் போட்ட எண்கள்

தொடங்கும் குறியைப் பார்த்தாலே கட்டளையின் நோக்கம் தெரிந்துவிடும். ஜிஎஸ்எம் வகை மொபைல் வலையமைப்புகளில் * என்றால் சேவையை இயக்கு, இரட்டை ஸ்டார் என்றால் பதிந்து இயக்கு, # என்றால் நிறுத்து, ## என்றால் பதிவையே அழி, *# என்றால் நிலை என்ன என்று சொல். *#06# கேட்டால் ஃபோனின் அடையாளமான பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வரும். *#21# கேட்டால் உங்கள் அழைப்புகள் வேறெங்கும் திருப்பப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். ##002# எல்லாத் திருப்பல்களையும் அழிக்கும்.

உங்களுக்கு அழைப்புகள் வருவது திடீரென்று நின்று, ஓடிபி சொல்லும் குரல் அழைப்பும் வராமல் போனால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ‘பார்சல் வந்திருக்கிறது’, ‘சிம் முடங்கப் போகிறது’ என்று பேசி, *401* போட்டுப் பிறகு ஒரு பத்து இலக்க எண்ணைத் தட்டச் சொல்வது பழைய மோசடி. அப்படித் தட்டினால் உங்கள் அழைப்பு அந்த ஆளுக்குப் போகும். இதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் குறியீட்டு வழியாக அழைப்பைத் திருப்பும் சேவையை நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. குறியீடு பதில் தராவிட்டால் ஃபோன் செட்டிங்கில் கால் ஃபார்வர்டிங் பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அணைத்துவிட்டு, பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஸ்டாரில் தொடங்கி நடுவில் அடுத்தவர் மொபைல் எண் வரும் எதையும் யார் சொன்னாலும் தட்டாதீர்கள்.

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் டேட்டா விட்டுவிட்டு வரும். அழைப்புச் சிக்னல் மட்டும் இருந்தால் *99# வழியாக வங்கி இருப்புப் பார்க்கலாம், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். இணையம் தேவையில்லை. ஆனால் வங்கியில் பதிந்த அதே சிம்மிலிருந்து அழைக்க வேண்டும். இரட்டை சிம் ஃபோனில் தவறான சிம்மிலிருந்து போகிறதா என்று பாருங்கள்.

‘ஸ்டாரை அழுத்தவும்’ என்று பதிவுக்குரல் சொல்லியும் நகராவிட்டால், அழைப்புத் திரையின் விசைப்பலகையைத் திறந்து அழுத்துங்கள். அந்த விசை 941, 1209 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்புகிறது. எதிர்முனை அதைக் கேட்டுத்தான் அடையாளம் காணும். பழைய தரைவழி ஃபோனானால் அடியில் உள்ள பல்ஸ்–டோன் சுவிட்சை டோனுக்குத் தள்ளுங்கள்.

பாடப் புத்தகத்தில் 3 * 4 = 12 வரவில்லை

வரக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பின் தனிநிலைக் கணிதப் பாடத்தில் * என்பது ஈருறுப்புச் செயலிக்கு, அதாவது இரண்டு உறுப்புகளைச் சேர்த்து ஓர் உறுப்பைத் தரும் விதிக்கு, வைத்த பெயர். கணக்கின் முதல் வரியில் அதற்கு என்ன விதி கொடுத்திருக்கிறார்களோ அதுதான் பொருள். அந்த வரியைத் தாண்டிவிட்டு நேராகக் கேள்விக்குப் போவதே இங்கே நேரும் முதல் பிழை.

அ * இ = அ + 2இ என்று முழுக்களில் விதி கொடுத்தால், 3 * 4 = 11, 4 * 3 = 10. ஆக இது பரிமாற்று இல்லை. ஓர் எதிர்க்காட்டு போதும். ‘பரிமாற்று இல்லை’ என்று நிறுவ இரண்டு எண் போட்டுக் காட்டினால் முழு மதிப்பெண். ‘பரிமாற்று உண்டு’ என்று நிறுவ எண் போட்டால் மதிப்பெண் போகும், அங்கே அ, இ வைத்துத்தான் காட்ட வேண்டும்.

இதே விதியில் சமனி உறுப்பைத் தேடும்போது பலர் வழுக்குகிறார்கள். அ * 0 = அ என்பதால் 0 சமனி என்று எழுதிவிடுவார்கள். மறுபக்கம் பார்த்தால் 0 * அ = 2அ. சமனி என்றால் இரண்டு பக்கமும் அ வர வேண்டும். ஆகவே இந்தச் செயலிக்குச் சமனி கிடையாது. சமனி இல்லாதபோது எதிர்மறை உறுப்பை, அதாவது சேர்த்தால் சமனி தரும் உறுப்பை, தேடுவதும் வீண்.

இன்னொரு விதி: 1 நீங்கலான விகிதமுறு எண்களில் அ * இ = அ + இ − (அ × இ). இதில் 3 * 4 = −5. சமனி 0, இரண்டு பக்கமும் சரி. அ-வின் எதிர்மறை அ/(அ − 1). ஏன் 1-ஐ விலக்கினார்கள் என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது, வகுத்தியில் பூச்சியம் வந்துவிடும். அடைவுப் பண்பை, அதாவது விடையும் அதே கணத்துக்குள் இருப்பதை, காட்ட ஒரு குறுக்கு வழி உண்டு: 1 − (அ * இ) = (1 − அ)(1 − இ). வலப்புறம் இரண்டும் பூச்சியமில்லை என்பதால் இடப்புறமும் பூச்சியமாகாது, ஆகவே அ * இ ஒருபோதும் 1 ஆகாது.

ஸ்டார் மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் வேறு பொருள். இயற்பியலில் கலப்பெண்ணின் தலையில் ஸ்டார் என்றால் இணை எண்: 3 + 4𝑖 என்பது 3 − 4𝑖 ஆகும், இரண்டையும் பெருக்கினால் 25. கணிதப் புத்தகம் அதே பொருளுக்கு மேல்கோடு போடும். மெய்யெண் கணத்தின் தலையில் ஸ்டார் என்றால் பூச்சியத்தை நீக்கிய கணம்.

பொறியியல் கல்லூரிக்குப் போனதும் இரண்டு சார்புகளுக்கு நடுவே வரும் ஸ்டார் கன்வல்யூஷன், அதாவது ஒன்றை மற்றதன் மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டுவது. அதைச் சாதாரணப் பெருக்கலாக எண்ணி உறுப்புக்கு உறுப்பு பெருக்கினால் விடை தப்பும். (1, 2) * (3, 4) என்பதன் விடை (3, 8) இல்லை, (3, 10, 8). 12-ஐ 34-ஆல் தாளில் பெருக்கி, மீதி ஏற்றாமல் நிறுத்தினால் கிடைப்பதும் இதே 3, 10, 8. மீதியை ஏற்றினால் 408.

ஆய்வேட்டு அட்டவணையில் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார்

புள்ளியியல் அட்டவணையில் ஸ்டார் பி-மதிப்பைச் சொல்கிறது, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பை. பொதுவாக ஒரு ஸ்டார் என்றால் 0.05-க்குக் கீழ், இரண்டு ஸ்டார் என்றால் 0.01-க்குக் கீழ், மூன்று ஸ்டார் என்றால் 0.001-க்குக் கீழ். ஆனால் பொருளியல் கட்டுரைகள் பலவற்றில் ஒரு ஸ்டாருக்கு 0.10, இரண்டுக்கு 0.05, மூன்றுக்கு 0.01. இரண்டு கட்டுரைகளை ஸ்டார் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடும் முன் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படியுங்கள். மூன்று ஸ்டார் வாங்கிய மிளகு ரகம் அதிகம் காய்க்கும் என்று பொருள் இல்லை. வித்தியாசமே இல்லாதிருந்தால் இப்படி ஒரு முடிவு வருவது அரிது என்பது மட்டுமே. எத்தனை கிலோ வித்தியாசம் என்பதைப் பக்கத்து எண்ணில் பார்க்க வேண்டும்.

நிரல் எழுதும்போது

பைத்தானில் 5-ஐயும் 4-ஐயும் பெருக்கினால் 5555 வருகிறதா? இன்புட் வழியாக வாங்கிய 5 எழுத்தாக இருக்கிறது. எழுத்தை எண்ணால் பெருக்கினால் அத்தனை முறை திரும்ப எழுதும். இன்ட் போட்டு எண்ணாக்குங்கள்.

சி மொழியில் வகுத்தல் குறிக்கு அடுத்து உடனே பாயின்டர் ஸ்டார் வந்தால், /* என்று சேர்ந்து அதன் பிறகு உள்ளதெல்லாம் குறிப்புரையாகிவிடும். நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் காலை 6 மணிக்கு ஒருமுறை ஓட வேண்டிய பேக்கப் அறுபது முறை ஓடினால், முதல் இடத்தில் ஸ்டார் விட்டிருப்பீர்கள். * 6 * * * என்றால் ஆறு மணியின் ஒவ்வொரு நிமிடமும். 0 6 * * * என்று மாற்றுங்கள்.

லினக்ஸில் அழிக்கும் கட்டளைக்குப் பிறகு ஸ்டாருக்கும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால், ஒரு வகைக் கோப்புகள் மட்டும் போவதற்குப் பதில் அந்தக் கோப்புறையில் மறைகோப்புகள் தவிர மற்றக் கோப்புகள் அனைத்தும் போகும். கன்ட்ரோல்+இசட் அங்கே கை கொடுக்காது. முதலில் அதே வடிவத்தை எல்எஸ் கட்டளைக்குக் கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள்.

‘செய்கூலி இல்லை*’ என்ற பலகையில் ஸ்டார் மட்டும் இருக்கிறது, குறிப்பைக் காணோம்

ஸ்டார் அடிக்குறிப்புக்கு அழைப்பு. அதே பக்கத்தில் அதே குறியோடு விளக்கம் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் குறிப்பு இருந்தால் *, †, ‡ என்ற வரிசையில் போவது அச்சு வழக்கம். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, விளம்பரம் எந்த மொழியிலோ குறிப்பும் அந்த மொழியில் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதுவாகவே இருக்க வேண்டும், மேலே சொன்னதற்கு முரணாகவும் இருக்கக் கூடாது. பலகை தமிழில், நிபந்தனை பொடி ஆங்கிலத்தில் என்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ஃப்ளெக்ஸ் வடிவமைப்பவர்களும் ஆர்டர் வாங்கும்போதே ‘ஸ்டாருக்குக் கீழே என்ன எழுத வேண்டும்’ என்று கேட்டுவிடுவது நல்லது.

மொழியியல் நூலில் சொல்லுக்கு முன்னால் ஸ்டார்

*கண் என்று மூலத் திராவிட வடிவத்துக்கு முன்னால் நின்றால், அது எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைத்த சொல் இல்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது. *அவள் வந்தான் என்று வாக்கியத்துக்கு முன்னால் நின்றால், இலக்கணப்படி ஏற்காத வாக்கியம். மெய்ப்புத் திருத்துபவர் இதை அச்சுப்பிழை என்று அழித்துவிட்டால், ஊகித்த வடிவம் கிடைத்த சான்றாகவும் தப்பான வாக்கியம் சரியானதாகவும் அச்சேறிவிடும். ஆய்வேட்டைக் கொடுக்கும்போதே ‘முன் ஸ்டார்களை நீக்க வேண்டாம்’ என்று முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.